ஓணான் அன்று

சிறுபராயத்தில் ஓணான் பிடித்து விளையாடாதவர் எம்மிடையே அரியர். தென்னை ஈர்க்கிலின் நுனியிற் சுருக்கிட்டு, வேலிக் கதியாலில் வெயில் காயும் ஓணானின் கழுத்தில் மெல்ல மாட்டி இழுப்பது அக்காலத்து வீரச்செயல்களுள் ஒன்று. புத்தளத்தில் நான் வளர்ந்த ஊரிலும் அவ்வாறே. ஒருநாள் அங்ஙனம் பிடித்த ஓணான் ஒன்றை உம்மம்மாவிடம் காட்டுவதற்காகப் பெருமையோடு கொண்டு சென்றேன். முற்றத்தில் இருந்து பனையோலைப் பாய் இழைத்துக்கொண்டிருந்த அவர் கையை நிறுத்தாமலே, "எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விடு மகன். வேற இடத்தில விட்டா அது என்ன செய்யும்?" என்றார். அவ்வாறே விட்டு வந்தேன். அச்சொல்லின் பாரம் அன்று எனக்குப் புரியவில்லை. அதைப் புரியவைத்தது ஓணானைப் போலத் தோன்றுகின்ற, ஆனால் ஓணான் அல்லாத, வேறொரு பிராணி. அதன் கதையே இக்கட்டுரை.

கலைப்பீட மாணவன் ஒருவனுக்கும் விலங்கியலுக்கும் என்ன தொடர்பு என்று நண்பர் வினவக்கூடும். நான் அப்பிராணியைத் தேடிச் செல்லவில்லை. வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுதவேண்டியிருந்தது. நியூசிலாந்தில் கண்டெடுக்கப்பட்ட தமிழ் மணியைப் பற்றி எழுதத் துணிந்தேன். வில்லியம் கொலன்சோ என்னும் மதபோதகர் 1836ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் வடபகுதியில், வங்காரே என்னும் இடத்தின் அயலில், மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்திற் கிழங்கு அவித்துக்கொண்டிருக்கக் கண்டார். உற்று நோக்கியபோது அது விளிம்பு உடைந்த ஒரு மணியாயிருந்தது. அதில் அவர் அறியாத எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. அவை தமிழ் எழுத்துகள் என்பது பின்னர் தெரியவந்தது. முகைதீன் பக்சு என்பவரது கப்பலின் மணி என்பதே அவ்வெழுத்துகளின் பொருள். இன்று அம்மணி வெலிங்டன் நகரிலுள்ள தே பாப்பா நூதனசாலையில் இருக்கின்றது. கப்பல் இல்லை, கப்பலோட்டியவர் இல்லை, மணி ஒன்றே எஞ்சியது. முகைதீன் என்ற பெயர் எங்கள் கரையோர ஊர்களில் இன்றும் வீட்டுக்கு வீடு வழங்குவது. ஆகவே அந்த மணியின்பால் எனக்கு ஓர் உறவுரிமை தோன்றியதில் வியப்பில்லை.

கொலன்சோ வெறும் போதகர் மாத்திரமல்லர். மாவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை 1837இல் அச்சேற்றிய அச்சாளர். செடிகொடிகளையும் பிராணிகளையும் ஆராய்ந்தவர். அவரது எழுத்துகளைப் பற்றிய குறிப்புகளைப் புரட்டியபோது, 1880களின் நடுப்பகுதியில் அவர் துவாத்தாரா என்னும் பிராணியின் எலும்புகளைப் பற்றியும் ஒரு கட்டுரை வரைந்தமையை அறிந்தேன். தமிழ் மணியை இனங்காணச் செய்தவர் அக்கறைகொண்ட அப்பிராணி யாது என்று பார்க்கும் ஆவல் உண்டாயிற்று. நூலகத்தில் அதன் படத்தைக் கண்டதும் எனக்குச் சிரிப்பே வந்தது. "இது ஓணானன்றோ!" என்றேன். முதுகில் முள்வரிசை, செதில் போர்த்த உடல், கொழுத்த வால், அசையாத பார்வை. எங்கள் வேலி ஓணானைச் சற்றுப் பெருக்கி வைத்தாற் போன்ற வடிவம். மாவோரி மொழியில் அதன் பெயருக்கே முதுகின் முள்முடிகள் என்பது பொருள்.

இத்தவறு என் ஒருவனுடையது அன்று என்பதைப் பின்னர் அறிந்து ஆறுதலடைந்தேன். பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த ஜோன் எட்வேட் கிரே என்னும் அறிஞர், 1831இல் ஒரு மண்டையோட்டை மட்டும் கண்டு அதற்கு ஸ்பெனொடொன் என்று பெயரிட்டார். 1842இல் நியூசிலாந்திலிருந்து வந்த முழுப் பிராணியைக் கண்டு, இரண்டும் ஒன்றே என்பதை உணராமல், அதற்கு வேறொரு பெயரிட்டார். அதனை அவர் எக்குடும்பத்தில் வைத்தார் என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. அகாமிடே என்னும் குடும்பத்தில் வைத்தார். எங்கள் வேலி ஓணானின் குடும்பமும் அதுவே. ஆகவே, புத்தளத்துச் சிறுவனும் இலண்டன் அறிஞரும் ஒரே தவற்றையே செய்தோம்.

அத்தவற்றைத் திருத்தியவர் அதே நூதனசாலையிற் பணியாற்றிய அல்பேட் குந்தர். 1867இல் அவர் அப்பிராணியின் தோலை விடுத்து எலும்பைப் பார்த்தார். பல்லிகளில் மண்டையோட்டின் கன்னப்பகுதியிற் கீழ் எலும்புப் பாலம் முற்றுப்பெறுவதில்லை. துவாத்தாராவில் அப்பாலம் முழுமையாக உண்டு. அதன் மேல்தாடையில் இரண்டு வரிசைப் பற்கள் உள்ளன. கீழ்த்தாடையின் ஒற்றை வரிசை அவ்விரண்டுக்கும் இடையே பொருந்தி அறுக்கின்றது. பற்கள் குழிகளில் நட்டவை அல்ல. தாடை விளிம்போடு ஒன்றாய் இணைந்தவை. விழுந்தால் மீண்டும் முளையாதவை. ஓணானுக்கு வெளியே தெரியும் காதுத் துளை இதற்கு இல்லை. இவற்றையெல்லாம் கண்ட குந்தர், இது பல்லியும் அன்று, ஓணானும் அன்று, தனியொரு வருணம் என்று நிறுவி, அலகு போன்ற தலையையுடையன என்னும் பொருளில் றிங்கோசெபாலியா என்று அதற்குப் பெயரிட்டார். பல்லி, ஓணான், உடும்பு, பாம்பு ஆகியன அடங்கும் வருணத்தில் இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள. துவாத்தாராவின் வருணத்திலோ இன்று உயிர்வாழ்வது துவாத்தாரா ஒன்றே. இவ்விரு கிளைகளும் ஒன்றிலிருந்தொன்று பிரிந்தது ஏறத்தாழ 250 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் என்பர்.

ஒரு காலத்தில் நிலைமை இவ்வாறிருக்கவில்லை. திரியாசிக், யூராசிக் காலங்களில் இவ்வருணத்தார் உலகின் பல பாகங்களிலும் பரந்து வாழ்ந்தனர். பூச்சி தின்ற சிறியனவும் இருந்தன; தாவரம் தின்று ஒரு மீற்றர் வரை வளர்ந்தனவும் இருந்தன; நீண்ட உடலோடு கடலில் நீந்திய பிளியூரோசோரஸ் போன்றனவும் இருந்தன. நமக்கு அண்மையிலும் இருந்தன. இந்தியாவில் பிராணஹிதா-கோதாவரிப் பள்ளத்தாக்கின் கோட்டா படிவுகளிலிருந்து இவற்றின் தாடைத் துண்டுகள் கிடைத்துள்ளன. அவற்றை ஆராய்ந்தோர் 2001இல் இரண்டு சாதிகளுக்குப் பெயர் சூட்டினர். ஒன்று கோதாவரிசோரஸ், மற்றையது றெப்பனாசோரஸ். நதியின் பெயரும் ஊரின் பெயரும் தாங்கி நிற்கும் இவை யூராசிக் காலத்தன. அக்காலத்தில் இந்தியா, இலங்கை, நியூசிலாந்து ஆகிய நிலங்கள் யாவும் கொண்டுவானா என்னும் ஒரே பெருநிலத்தின் பகுதிகளாயிருந்தன. இடையே இன்றுள்ள சமுத்திரம் அன்று இல்லை.

புத்தளத்திலிருந்து அநுராதபுரம் வழியாக மன்னாருக்குச் செல்லும் பேருந்து, தப்போவ என்னும் இடத்தைக் கடந்து செல்கின்றது. அவ்விடத்துப் பாறைகளும் யூராசிக் காலத்தன. அக்காலத்துச் செடிகளின் இலைச்சுவடுகள் அவற்றிற் பதிந்துள்ளன. எத்தனையோ முறை அவ்வழியே உறங்கியவாறு சென்றிருக்கின்றேன். இப்பொழுது அவ்விடம் வந்ததும் விழித்துக்கொள்கின்றேன்.

துவாத்தாராவை "வாழும் உயிர்ச்சுவடு" என்று அழைப்பது வழக்கம். மாறாதது, பழமையில் உறைந்தது, காலம் மறந்துவிட்டுச் சென்ற மிச்சம் என்பனவே அதன் உட்கருத்து. இவ்வழைப்பு எனக்கு உவப்பாயில்லை; உண்மையும் அன்று. குந்தர் தொன்மையின் அடையாளமாய்க் கண்ட அக்கன்ன எலும்புப் பாலத்தையே எடுத்துக்கொள்வோம். இவ்வருணத்தின் மிகப் பழைய உறுப்பினர்களின் சுவடுகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, அவற்றில் அப்பாலம் முழுமையாக இருக்கவில்லை என்பது தெரியவந்தது. அதாவது, முன்னோர் இழந்ததைத் துவாத்தாராவின் கிளை பின்னாளில் மீண்டும் அமைத்துக்கொண்டது. பழமையென்று நாம் எண்ணியது புதுமையாயிருந்தது. 2020இல் நியூசிலாந்தின் ஙாத்திவை மாவோரிக் குழுவினரின் பங்குபற்றுதலோடு அதன் மரபணுத்தொகுதி முழுமையாக வாசிக்கப்பட்டது. அது மனிதருடையதிலும் பார்க்கப் பெரியது என்பது அப்பொழுது வெளியாயிற்று. நெற்றியுச்சியில் வில்லையும் விழித்திரையும் கொண்ட மூன்றாவது கண் ஒன்று அதற்குண்டு. குஞ்சில் வெளியே தெரியும், சில மாதங்களிற் செதிலால் மூடப்படும். பிற நகருயிர்கள் சோம்பிக் கிடக்கும் குளிரிலும் இரவில் வெளிவந்து இரை தேடும். நூறாண்டுக்கு மேலும் வாழும். தன் இடத்துக்கும் தன் காலத்துக்கும் ஏற்ப வாழத் தெரிந்த ஒன்றை மிச்சம் என்று எவ்வாறு சொல்வது?

ஆயின் அது எங்ஙனம் எஞ்சியது? தீவுகளால் எஞ்சியது. மனிதர் நியூசிலாந்தில் காலடி வைத்தபோது அவர்களுடன் எலிகளும் வந்தன. ஐரோப்பியர் வந்தபோது பூனை முதலிய பிற கொல்லிகளும் சேர்ந்தன. பெருநிலத்தில் துவாத்தாரா அடியோடு அழிந்தது. எலி அடையாத ஏறத்தாழ 30 சிறு தீவுகளில் மட்டும், கடற்பறவைகள் தோண்டிய வளைகளுக்குள், அப்பறவைகளுடனேயே குடியிருந்து, அது பிழைத்துக்கொண்டது. 1895இல் சட்டம் அதற்குக் காவலாயிற்று. ஸ்டீவன்ஸ் தீவு என்னும் தக்காபோரேவாவில் மட்டும் இன்று 30,000 முதல் 50,000 வரை வாழ்வதாகக் கணிப்பர். சில தீவுகளில் எலியும் இருந்தது, துவாத்தாராவும் இருந்தது. அங்கெல்லாம் ஒரு விசித்திரம் காணப்பட்டது. முதியன இருந்தன, குஞ்சுகள் இல்லை. முட்டையையும் குஞ்சையும் எலி தின்றுவிட, நெடுங்காலம் வாழும் முதியன மட்டும் எஞ்சியிருந்தன. பார்ப்போர்க்கு அவ்வினம் இன்னும் அங்கே வாழ்வதாகத் தோன்றும். உண்மையில் அது முடிந்துகொண்டிருந்தது. எலிகளை அகற்றிய பின்னரே குஞ்சுகள் மீண்டும் தென்பட்டன.

இதனை வாசித்தபோது நூலை மூடிவிட்டுச் சற்றுநேரம் இருந்தேன். மனிதரைப் பிராணியோடு ஒப்பிடுவது தகாது என்பதை நான் அறிவேன். அவ்வாறு ஒப்பிட முனையவுமில்லை. எனினும், முதியோர் மாத்திரம் எஞ்சிய தீவு என்ற சொல் என்னை என் ஊருக்கு அழைத்துச் சென்றது.

என் குடும்பத்தின் ஊர் மன்னார்த் தீவிலுள்ள எருக்கலம்பிட்டி. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். தீவிலிருந்த எம்மவர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரைக்கு வந்தனர். உம்மம்மாவும் என் தாயாரும் அவ்வாறே வந்தனர். பாய் இழைக்கும் கையன்றி வேறெதனையும் தாம் கொண்டுவரவில்லை என்று உம்மம்மா சொல்வார். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு, கிடைத்த ஓலையைச் சாயமேற்றி, எருக்கலம்பிட்டிப் பாயை அவர் இழைத்தார். சாயம் மாறியது, ஓலையின் தரம் மாறியது, பின்னல் மாறவில்லை. அங்கேயே நான் பிறந்தேன்.

புத்தளத்துப் பாடசாலையில் நாங்கள் "அகதிப் பிள்ளைகள்." போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பின்னர் விடுமுறையில் மன்னாருக்குச் சென்றால் நாங்கள் "புத்தளத்தார்." எங்கே நின்றாலும் மற்றைய இடத்தின் பெயரே எமக்குச் சூட்டப்பட்டது. பேச்சை வைத்து ஒரு பெயர். முகவரியை வைத்து வேறொரு பெயர். கிரே என்னும் அறிஞர் தோலைப் பார்த்துக் குடும்பம் வகுத்ததில் எனக்கேற்பட்ட கோபத்தின் காரணம் இதுவாயிருக்கலாம். ஒன்றை அறிய வேண்டுமாயின் அதன் எலும்புவரை செல்லவேண்டும். அதற்கு அறிஞருலகுக்கே 36 ஆண்டுகள் தேவைப்பட்டன.

உம்மம்மா 2011இல் ஊருக்குத் திரும்பினார். அவரோடு ஒத்த வயதினர் சிலரும் திரும்பினர். கூரையற்ற சுவர்களுக்குள் பற்றை மண்டியிருந்தது. எல்லைக் கற்களைக் காணவில்லை. உம்மம்மா மட்டும் நேரே நடந்து சென்று, புதருள் ஓரிடத்தைக் காட்டி, இதுதான் கிணறு என்றார். வெட்டிப் பார்த்தபோது கிணறு இருந்தது. அக்கதை எங்கள் குடும்பத்திற் பலமுறை சொல்லப்படுவது. ஆயின் அதன் தொடர்ச்சி சொல்லப்படுவதில்லை. அவ்வீட்டில் இன்றும் உம்மம்மாவும் அவருடைய தங்கையாரும் மாத்திரமே உள்ளனர். மாமாமாருக்குப் புத்தளத்திற் கடை; மச்சான்மாருக்கு அங்கே பள்ளிக்கூடம்; எனக்குப் பல்கலைக்கழகம். பெருநாளுக்கு எல்லாரும் செல்கின்றோம். மூன்றாம் நாள் திரும்பிவிடுகின்றோம். பார்ப்போர்க்கு எம்மவர் ஊர் திரும்பிவிட்டதாகவே தோன்றும்.

மீள்வது என்பது இலேசான செயலன்று என்பதற்குத் துவாத்தாராவின் கதையே சான்று. வெலிங்டன் நகருக்குள்ளேயே சீலாந்தியா என்னும் காப்பகம் உண்டு. அதனைச் சுற்றி எலியும் பூனையும் புகமுடியாத வேலியிட்டு, உள்ளிருந்த கொல்லிகளை அகற்றி, பின்னரே 2005இல் தக்காபோரேவாவிலிருந்து 70 துவாத்தாராக்களைக் கொண்டுவந்து விட்டனர். மனிதர் காவலில் அன்றித் திறந்த பெருநிலத்தில் அவை கால்பதித்தது ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளின் பின்னர். ஆயினும் அந்நாளை எவரும் வெற்றிநாள் என்று கொள்ளவில்லை. பெண் துவாத்தாரா சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே முட்டையிடும். முட்டை பொரிக்க ஓராண்டுக்கு மேலாகும். மண்ணின் வெப்பம் சற்று ஏறினால் பிறப்பன ஆணாகும். சற்றுத் தணிந்தாற் பெண்ணாகும். உலகின் வெப்பம் ஏறிவரும் இக்காலத்தில் அதுவும் ஒரு கவலையே. நோத் பிரதர் என்னும் சிறு தீவில் இப்பொழுதே ஆண்கள் மிகுந்துள்ளன. ஆகவே காத்திருந்தனர். 2009 மார்ச்சில் அக்காப்பகத்தில் ஒரு குஞ்சு காணப்பட்டது. அன்றுதான் அவை திரும்பிவிட்டன என்று சொல்லத் துணிந்தனர்.

அதே ஆண்டில் இன்னொரு செய்தியும் வந்தது. இன்வகாகில் நகரின் நூதனசாலையில் ஹென்றி என்னும் துவாத்தாரா நெடுங்காலம் துணையை நாடாது சினத்துடன் தனித்திருந்தது. அதன் உடலில் இருந்த புற்றுக்கட்டியை அகற்றிய பின்னர் அதன் குணம் மாறிற்று. 111 வயதென மதிக்கப்பட்ட ஹென்றி, 2009 சனவரியில் 11 குஞ்சுகளுக்குத் தந்தையாயிற்று. உம்மம்மாவுக்கு இதைச் சொன்னபோது வெற்றிலைச் சாறு சிதறச் சிரித்தார். "கிழவனுக்கு இருக்கிற யோசனை எங்கட பிள்ளைகளுக்கு இல்லையே" என்றார். சிரிப்புக்காகச் சொன்னதுதான். எனினும் நான் சிரிக்கவில்லை.

இப்பிராணியிடமிருந்து நான் கற்றது ஒன்றுண்டு. எஞ்சியிருத்தல் வேறு, தொடர்தல் வேறு. எஞ்சியிருப்பதற்கு ஒதுக்குப்புறமான ஒரு தீவும் நீண்ட ஆயுளும் போதும். தொடர்வதற்கு இளையன வேண்டும். அவை அஞ்சாது வாழும் நிலமும் வேண்டும். துவாத்தாராவுக்கு அந்நிலத்தை ஆக்கிக் கொடுத்தோர் பலர். சட்டமியற்றியோர், எலியை அகற்றியோர், வேலியைக் காத்தோர், தம் முன்னோரின் உறவாக அதனைப் போற்றும் மாவோரி மக்கள் என அவர்களை வரிசைப்படுத்தலாம். எமக்கும் அவ்வாறு ஆக்கிக் கொடுக்கவேண்டியோர் உளர். தம் கடமையில் அவர்கள் தவறுவது உண்மை. எனினும், ஆக்கிய நிலத்துக்குச் செல்லவேண்டிய குஞ்சு நானே என்பதும் உண்மை. இதுவரை முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மறைத்து வந்தேன்.

சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்று இரண்டு மாதங்கள் தங்கினேன். வேலிக் கதியால்கள் உக்கியிருந்தன, புதியன நட்டேன். கிணற்றைத் தூர்வாரினோம். அயல்வீட்டுத் தமிழ்ப் பெரியவர் ஒருவர் எங்கள் பழைய எல்லை எதுவரை என்பதைத் தம் நினைவிலிருந்து காட்டி, கயிறு பிடிக்கவும் வந்தார். பட்டம் பெற்றபின் மன்னாரில் ஆசிரியராக விண்ணப்பிப்பதென்று எண்ணியுள்ளேன். உம்மம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாயின் அடுத்த ஓலையை எடுத்துக் கோத்தார்.

நட்ட கதியால் தளிர்விட்ட நாளில், அதன்மீது ஓர் ஓணான் ஏறிப் படுத்து வெயில் காய்ந்தது. ஈர்க்கில் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடந்தது. நான் எடுக்கவில்லை. அது தன் இடத்தில் இருந்தது.